எண்ணெய்க்கு அடியில் வெயில்

டப்பாவைத் திறப்பதற்கு முன் அதை மூக்கருகே கொண்டுபோகிறார். மூடியின் ஓரமாக ஒரு சுற்று முகர்ந்துவிட்டு, தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தையும் முகர்கிறார். கொண்டுவந்தவர் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நோயாளியின் சொந்தக்காரர் மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "தையல் மெஷின் டிராயர்லயா வெச்சிருந்தீங்க?" என்று கடைசியில் கேள்வி வருகிறது. வந்தவர், யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்பதுபோலத் திரும்பித் தன் மனைவியைப் பார்க்கிறார்.

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவருக்கு மோப்பக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடும் தைரியம் அவருடைய கணவருக்கு மட்டும்தான்; மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொள்வதோடு சரி. எல்லாம் அவர் காதுக்கு வந்துதான் இருக்கிறது. "மூக்கைப் பத்தித்தானே பேசுறாங்க, நாக்கைப் பத்தி இல்லையே. சந்தோஷம்தான்" என்பார்.

வீட்டுப் பிலிம்களைத் துடைத்துக் கொடுப்பது அவர் தொழில். அந்த நாளில் ஆசைப்பட்டுக் கேமரா வாங்கியவர்கள் எடுத்துவைத்த படங்கள் அவை. குழந்தை தவழும், நாய் வாலாட்டும், யாரோ ஒரு சித்தப்பா கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டியே ரீலைத் தீர்த்துவிடுவார். பிறகு அந்த ரீல்கள் வீட்டில் வேறெதற்கும் ஆகாத மூலைகளில் போய் உட்காரும். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி என்றால் சமையல் புகை படியும். கார் நிறுத்தும் அறை என்றால் கிரீஸ். புரொஜெக்டருக்கு யாராவது தாராள மனத்தோடு எண்ணெய் விட்டிருந்தால் அது பல்சக்கரம் வழியாக இறங்கிப் பிலிமுக்கு வந்துவிடும். எண்ணெய் வந்தால் பின்னாலேயே தூசி வரும். இரண்டும் சேர்ந்தால் பசை. "புளிச்ச வாசனை வந்தா பிலிமே அழுகுதுன்னு அர்த்தம், அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. எண்ணெய்னா பயப்படாதீங்க. வீட்ல யாரையாவது நல்லாத் திட்டிட்டுக் கொண்டாங்க, பார்த்துக்கலாம்."

இதற்கு முன் ஒரு பெரிய சலவைக்கடையில் கறை எடுக்கும் மேசையில் இருந்தார். எந்தக் கறைக்கு எந்த மருந்து என்று முகர்ந்தே சொல்லிவிடும் பழக்கம் அங்கே வந்ததுதான். ஒரு நாள் கோட் ஒன்றின் உள்பையில் யாரோ மறந்துபோன சின்ன ரீல், பிசுக்கோடு பிசுக்காக அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஓரமாக ஒரு விரற்கடை துடைத்து, சும்மா விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்திருக்கிறார். பல் முளைக்காத குழந்தை ஒன்று வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தது. "அதோட கோட்டு சூட்டு மேல இருந்த மரியாதை எல்லாம் போச்சு எனக்கு" என்பார்.

பிலிம் வீட்டுக்குள் இருக்கும்வரை அடுப்பில் எதுவும் பொரியக்கூடாது, வறுபடக்கூடாது. எண்ணெய் ஆவி காற்றில் மிதந்து வந்துவிடுமாம். பிலிம் இல்லாத நாளே கிடையாது என்பதால் அந்த வீட்டில் எல்லாம் வேகவைத்ததுதான். அவருடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், பொறுமைக்குப் பேர்போனவர். அவரே ஒரு நாள், "நம்ம வீட்ல யாருக்கோ உடம்பு சரியில்லைன்னு பக்கத்து வீட்ல ரொம்ப நாளா நம்பிட்டிருக்காங்க. நேத்து என்னை நிறுத்தி, நீங்கதான் தைரியமா இருக்கணும்னு சொல்றாங்க" என்று முறையிட்டார்.

தலைக்கு எண்ணெய் கிடையாது, கைக்குப் பூச்சு கிடையாது. எந்நேரமும் வெள்ளைப் பருத்திக் கையுறை. யார் கையை நீட்டினாலும் சிரித்துக்கொண்டே தன் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். திமிர் என்று நினைத்தவர்கள் உண்டு. "மனுஷன் விரல்ல எண்ணெய் ஊறிட்டே இருக்கும். ஒருத்தர் தொட்டது என் கைக்கு வந்து, என் கையிலிருந்து பிலிமுக்குப் போச்சுன்னா, வருஷம் ஆக ஆக அந்த ரேகை படத்துக்குள்ளயே இறங்கிரும். அப்புறம் அந்தக் குழந்தை மூஞ்சியில யாரோட கட்டைவிரலோ உட்கார்ந்திருக்கும்" என்பது அவர் கணக்கு.

இன்னொரு விசித்திரம்: தான் துடைத்த படத்தைச் சுவரில் ஓட்டி அவர் பார்த்ததே இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் கட்டம் கட்டமாகப் பார்ப்பார், அழுக்கு இருக்கிறதா என்று. குடும்பம் வந்து உட்கார்ந்து, திரைச்சீலையை இழுத்து, புரொஜெக்டர் ஓட ஆரம்பித்ததும் பால்கனிக்குப் போய்விடுவார். உள்ளே அழுவார்கள், சிரிப்பார்கள், "இதோ பார் இதோ பார்" என்பார்கள். இவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். "அது அவங்க வீட்டுச் சமாச்சாரம். துணி வெளுத்துக் குடுத்தவ கல்யாணத்துல போய் முன்வரிசையில உட்கார முடியுமா?"

இப்படிப்பட்டவரிடம் எண்ணெயையே குலதெய்வமாகக் கொண்ட ஒருவர் வந்து மாட்டினார். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்க மாதாமாதம் வருகிற லிஃப்ட்காரர். அவர் பையில் எண்ணெய்க்குப்பி இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. வேலை முடிந்து போகிற வழியில் கதவுக் கீல், ஜன்னல் கொக்கி, யாருடைய மிதிவண்டியோ, எது கிறீச்சிட்டாலும் கேட்காமலே இரண்டு சொட்டு விட்டுவிட்டுப் போவார். மோப்பக்காவின் வாசல் கதவிடம் மட்டும் அவர் ஜம்பம் பலிக்கவில்லை. "அண்ணா, என் கதவு கத்தினா கத்திட்டுப் போகட்டும். நீங்க குப்பியை உள்ள வைங்க" என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்த லிஃப்ட்காரர் ஒரு நாள் காலையில், துணியில் சுற்றிய டப்பாவோடு அந்தக் கத்துகிற கதவைத் திறந்துகொண்டு வந்தார். மோப்பக்கா மூடியை ஒரு தடவைதான் முகர்ந்தார். பிறகு லிஃப்ட்காரரின் சட்டைப் பையைப் பார்த்தார்.

"பூஞ்சைன்னு நெனக்கிறேன்மா" என்றார் லிஃப்ட்காரர்.

"பூஞ்சைக்கு இந்த வாசனை வராதுண்ணா. இது லிஃப்ட் ஏறி இறங்குற தண்டவாளத்துக்குப் போடுற எண்ணெய்."

லிஃப்ட்காரர் டப்பாவைச் சுற்றிவந்த துணியை மடிக்க ஆரம்பித்தார். "நான்தான் போட்டேன். மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடி வருஷா வருஷம் துணியில தொட்டுத் தடவி வெச்சேன். இரும்புக்குப் போட்டா துரு வராது, தோலுக்குப் போட்டா வெடிக்காது. இதுவும் காஞ்சு உடைஞ்சிரக் கூடாதேன்னு... என் வீட்டுக்காரிகிட்ட பூஞ்சைன்னு சொல்லியிருக்கேன். நீங்க எதுவும் சொல்லிராதீங்க."

"நான் சொல்ல மாட்டேன். உங்க சட்டை சொல்லாம இருந்தா சரி."

மறுநாள் அவர் மனைவி தனியாகவே வந்தார். லிஃப்ட்காரர் மனைவி, ஆனால் படியேறித்தான் வந்தார். லிஃப்டின் பொத்தான்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. எதிரே இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்த்தார். பார்வையின் நடுவில் ஒரு கருந்திட்டு விழுந்து, அது அகன்றுகொண்டே போகிறதாம். ஓரம் மட்டும் மிச்சம். அதுவும் எவ்வளவு நாளைக்கு என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார்.

"அதுல இருக்கிறது எங்க அக்கா" என்றார். "கல்யாண வயசு வர்றதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டா. போட்டோ ஒண்ணுகூட இல்ல. மாமா ஒருத்தர் கேமரா வாங்கின ஆசையில எடுத்த இந்தப் படம் ஒண்ணுதான். சின்னதுல நோய் வந்து அவளுக்கு ஒரு கால் சூம்பிப்போச்சு. அதை இழுத்து இழுத்து நடப்பா. நடக்கிறதுன்னா சும்மா இல்ல, ஊர்வலத்துல வர்ற மாதிரி நடப்பா. நான் நடக்கக் கத்துக்கிட்டதே அவ தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தான். அதனால நானும் காலை இழுத்துத்தான் நடப்பேன். நொண்டி காட்டுறேன்னு எங்க அம்மாகிட்ட எத்தனை அடி வாங்கியிருக்கேன் தெரியுமா? நொண்டி காட்டலைங்க. நடக்கிறதுன்னா அப்படித்தான்னு நெனச்சேன்."

"இடது காலா, வலது காலா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார் மோப்பக்கா.

அந்த அம்மாள் முகம் விழுந்துவிட்டது. "அதுக்குத்தான் வந்தேன். இடது கால்னுதான் நெனச்சிட்டிருந்தேன். கல்யாணமான புதுசுல இந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தப்போ நடுவுல அறுந்துபோச்சு. இவர் ஒட்டினார். மறுபடி ஓட்டினா, முதல்ல இடது காலை இழுக்கிறா, அப்புறம் வலது காலை இழுக்கிறா. அதிலிருந்து எனக்குக் குழப்பம். நடந்து பார்த்தேன், என் காலுக்கும் மறந்துபோச்சு. கூடப்பிறந்தவ எந்தக் காலை இழுத்து நடந்தான்னு தெரியாதவ என்ன தங்கச்சி? கண்ணு முழுசா போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை பார்த்துட்டா போதும். அப்புறம் எனக்கு உள்ளுக்குள்ளயே ஓடும்."

கிளம்பும்போது வாசலில் நின்று மூச்சை இழுத்தார். "பூஞ்சைன்னா சொன்னார்?" என்று கேட்டார். மோப்பக்கா கதவைத் திறந்துவிட்டார். கதவு கத்தியது.

ஜன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். மேசையின் இரு பக்கமும் கையால் சுற்றுகிற இரண்டு சக்கரங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிலிம் போகும். நடுவில் துடைப்புத் திரவத்தில் நனைத்த வெள்ளைத் துணியை மடித்து, பிலிமை அதற்குள் வைத்து இரண்டு விரலால் பிடித்துக்கொள்வார். தண்ணீர் அந்த மேசைப் பக்கமே வரக்கூடாது. படம் கரைந்து வந்துவிடும். முதலில் படமில்லாத வால்பகுதியில் ஒரு சாண் துடைத்துப் பார்த்தார். துணி பழுப்பானது. மடிப்பை மாற்றினார். மறுபடி பழுப்பு. அழுத்தினால் பிலிமில் கீறல் விழும், விட்டுவிட்டால் எண்ணெய் அப்படியே நிற்கும். துடைத்தது காய்ந்த பிறகுதான் சுற்ற வேண்டும். சுற்றி முடித்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. கூடை நிறையத் துணி சேர்ந்தது.

பிறகு ஒரு முற்பகலில், விளக்குப் பலகைக்கு மேலே, கஷாயம் போலிருந்த ஒரு கட்டத்துக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று எழுந்து வந்தது. கொடியில் காயப்போட்ட போர்வை. அதன்மேல் வெயில். போர்வைக்கு முன்னால் கவுன் போட்ட ஒரு பெண், அவள் தோளில் கைவைத்தபடி பின்னால் ஒரு வாண்டு. மோப்பக்காவின் கை நின்றுவிட்டது. எத்தனையோ ரீல் துடைத்தவர். இந்த இடத்தில் வருகிற பிரமிப்பு இதற்குள் பழகிப் புளித்துப்போயிருக்க வேண்டும். அவருக்குப் பழகவே இல்லை. வேலையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இதை யாரும் வரையலைங்க. அன்னைக்கு அந்தப் பொண்ணு மேல பட்ட வெயில்தான் தெறிச்சு வந்து இதுல விழுந்திருக்கு. அவ போயிட்டா. அந்த வீடு இருக்கோ இல்லையோ. வெயில் மட்டும் எண்ணெய்க்கு அடியில உட்கார்ந்திருக்கு பாருங்க. இது மேல கை வைக்கவே பயமா இருக்கு."

கணவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "இந்த வெயிலுக்காகத்தான் நாம இத்தனை வருஷமா வேகவெச்சதைத் தின்னுட்டிருக்கோமா" என்று கேட்டுவிட்டு, சற்றுப் பொறுத்து, "சரிதான் போ" என்றார்.

லிஃப்ட்காரர் ஒட்டிய இடம் நடுவில் வந்தது. பெட்டி ஒட்டுகிற டேப்பைப் போட்டு ஒட்டியிருந்தார். அந்தப் பசையும் எண்ணெயில் ஊறி வழிந்திருந்தது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தபோது விஷயம் வெளிச்சமானது. பிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். கேமராவிலிருந்து நேராக வந்த பிலிமில், பளபளப்புப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் இடது இடதாகத் தெரியும். புரட்டினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறிப்போகும். இந்தப் பிலிமில் இரண்டு ஓரத்திலும் துளைகள், அதனால் எப்படிப் போட்டாலும் புரொஜெக்டர் ஏற்றுக்கொள்ளும். லிஃப்ட்காரர் இரண்டாவது துண்டைப் புரட்டிப்போட்டு ஒட்டியிருக்கிறார். பிறகு எண்ணெய் தடவி இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல மினுக்கிவிட்டார். அந்த நல்ல மனுஷர் தன் மனைவியின் ஞாபகத்தையே நடுவில் புரட்டிப் போட்டுவிட்டு, அது கெடாமலிருக்க வருஷா வருஷம் எண்ணெயும் போட்டு வந்திருக்கிறார்.

பளபளப்புப் பக்கத்தைத் தன் பக்கம் வைத்து மோப்பக்கா பார்த்தார். இடது கால். இரண்டாவது துண்டையும் திருப்பி வைத்துப் பார்த்தார். அதிலும் இடது கால்தான். நேராகச் சேர்த்து ஒட்டினார்.

இம்முறை அவர் அழுக்கை மட்டும் பார்க்கவில்லை. கால்களிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அந்தப் பெண் வலது காலை ஊன்றுகிறாள். தொடையருகே கவுனைக் கொத்தாகப் பிடித்து, இடது காலை அரைவட்டமாக இழுத்துக்கொண்டு வந்து சேர்க்கிறாள். சேர்த்ததும் முகவாய் ஒரு துளி மேலே போகிறது. கொடிவரை போய்த் திரும்பி வருகிறாள். பின்னால் வருகிற வாண்டும் அச்சு அசலாக அப்படியே. ஒரு அடிக்கு எத்தனையோ கட்டங்கள். ஒவ்வொன்றாக, முன்னும் பின்னுமாக, அவர் துடைத்தார். அன்று மாலை சமையலறையிலிருந்து தட்டுகளை எடுத்து வரும்போது கணவர் நிமிர்ந்து பார்த்து, "காலுக்கு என்ன ஆச்சு?" என்றார். "ஒண்ணும் ஆகலையே" என்றார் மோப்பக்கா. பிறகு குனிந்து தன் காலைத் தானே பார்த்துக்கொண்டார்.

படம் பார்க்க இருவரும் வந்த அன்று லிஃப்ட்காரர் சலவைச் சட்டை போட்டிருந்தார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காரவைத்தார். போன முறை தனியாகப் படியேறி வந்தவர், இப்போது நாற்காலி எங்கே என்று கையால் தடவினார். மோப்பக்கா திரைச்சீலையை இழுத்து, ரீலை மாட்டி, புரொஜெக்டர் விளக்கைப் போட்டுவிட்டு வழக்கம்போலப் பால்கனிப் பக்கம் போனார்.

சுவரில் போர்வை ஆடியது. அந்த அம்மாள் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார், எழுந்து சுவருக்குக் கிட்டே போய் மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"வந்துட்டா பாரு. இடது கால்தான்மா, நீ சொன்னதுதான் சரி. ரெண்டு பாதியிலயும் இடது கால்தான். நான்தான் மாத்தி ஒட்டிட்டேன்" என்றார் லிஃப்ட்காரர்.

"பூஞ்சைன்னு சொன்னவரு சொன்னா நான் நம்பணுமா?"

லிஃப்ட்காரர் குனிந்து தன் சலவைச் சட்டையை முகர்ந்து பார்த்தார்.

"இத்தனை வருஷமா என் தலையணையில அடிக்கிற வாசனைங்க. டப்பாவைத் திறந்தா எனக்குத் தெரியாதா?" குரலில் கோபமில்லை. "காயக்கூடாதுன்னுதானே போட்டீங்க. விடுங்க." பிறகு, சுவரைப் பார்த்தபடியே, "வெளிச்சம் ஆடுது. அவ்வளவுதான் தெரியுது. நடுவுல இருக்கிறவ தெரியலை" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் குழந்தையின் குரலாகிவிட்டது. லிஃப்ட்காரர் எதையாவது பழுதுபார்க்கத் தேடுகிறவர்போல அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

மோப்பக்கா பால்கனிக்குள் போயிருக்கவில்லை. வாசற்படியில் ஒரு காலும் அறையில் ஒரு காலுமாக நின்றிருந்தார். உள்ளே வந்து, இரண்டு கையுறைகளையும் உருவி மேசைமேல் போட்டார். அந்த அம்மாளின் கையைத் தன் வெறுங்கையால் பிடித்து எழுப்பித் தன் தோள்மேல் வைத்தார்.

"அண்ணி, என் பின்னாடியே வாங்க."

தொடையருகே துணியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, வலது காலை ஊன்றி, இடது காலை அரைவட்டமாக இழுத்துச் சேர்த்தார். முகவாயை ஒரு துளி தூக்கினார். மறுபடி ஊன்றி, மறுபடி இழுத்தார். லிஃப்ட்காரர் வழியிலிருந்த நாற்காலியை அவசரமாக நகர்த்தினார்.

"கொஞ்சம் வேகமா" என்றது பின்னாலிருந்து குரல். "அவ மெதுவா நடக்க மாட்டா."

மோப்பக்கா வேகத்தைக் கூட்டினார். சுவர்வரை போய்த் திரும்பினார். தோள்மேல் இருந்த கை அழுந்தப் பிடித்துக்கொண்டது. திரும்பி வரும்போது, தன் இடது காலை ஒட்டியே பின்னாலும் ஓர் இடது கால் தரையில் இழுபடுகிற சத்தம் அவருக்குக் கேட்டது. அவர் நிற்கவில்லை, ரீல் முடிந்து சுவர் வெறும் வெள்ளையான பிறகும் அந்தக் கையைத் தோளில் சுமந்தபடி இன்னொரு சுற்றுக்குத் திரும்பினார்.